பல்லுக்காரரின் பாட்டுப்பெட்டி

என் தம்பி செய்த ஆம்ப்ளிஃபயர் முதன்முதலாகப் பாடிய மாலையில் மூன்று தெரு நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு அவன் வீட்டு வாசலில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அதற்கு மூல காரணம் நான். நான் மட்டும் நடுவில் புகுந்திருக்காவிட்டால் அந்தப் பெட்டியும் இல்லை, அவன் குடும்பமும் இல்லை. சரி, மூன்று தெரு என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு தெரு. நாயும் ஒன்றுதான், அதற்கும் காது மந்தம். மற்றபடி இனி நான் சொல்லப்போவது எல்லாம் நடந்தது. நடந்ததே குமட்டும்படி இருக்கும்போது கூட்டிச் சொல்ல எனக்கு என்ன அவசியம்?

தம்பி பல்செட் செய்கிறவன். தெருவில் அவனுக்குப் பல்லுக்காரர் என்றுதான் பெயர். ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், பின்பக்கத்து ஜன்னலில்லாத அறை அவனுடையது. முன்பக்கம் டாக்டரம்மா வாயை அளவெடுத்து அனுப்புவார். பின்பக்கம் இவன் அந்த அளவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்த்து, ரோஸ் மெழுகில் ஈறு செய்து, அதில் பல்லைப் பதிப்பான். சுவர் அலமாரி முழுக்க ஊர்க்காரர்களின் தாடைகள். உள்ளே நுழைந்தால் அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து நம்மைப் பார்த்து இளிப்பார்கள். அந்த இளிப்புக்கு நடுவில் உட்கார்ந்து, மாவு அப்பிய கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பான் என் உடன்பிறப்பு.

பகல் பூராவும் பல்லை ராவுகிற சக்கரம் அவன் காதோரம் கீச்சிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்தக் கீச்சைக் கழுவ ஒரு மனிதக் குரல் வேண்டும் என்பான். ஆசையில் தப்பில்லை. அதற்கு ஒரு ரேடியோ போதாதா? போதாதாம். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயரில் கேட்டால்தான் குரல் குரலாக இருக்குமாம். வால்வு என்றால் கண்ணாடிக் குப்பிக்குள் கம்பி சிவந்து எரிகிற அந்தப் பழைய சங்கதி. பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிப் பொறுக்கி ஒன்று செய்தான். அதற்குள் முந்நூறு வோல்ட் ஓடிற்று. அதை முடுக்கிவிட்டால் சமையலறைத் தட்டுகள் ஆடும். “சாப்பிட வாங்க” என்று தம்பி மனைவி தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவனுக்கு எட்டாது.

ஒரு சாயங்காலம் அவள் காபி எடுத்துக்கொண்டு, வீட்டில் அவன் பெட்டி வைத்திருந்த அறைக்குப் போனாள். பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. இவன் மேஜைக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இடதுகை விரல் இரண்டு கருகியிருந்தன. வாயோரம் நுரை. அறை பூராவும் தோல் தீய்ந்த நாற்றம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தவன், கைக்கட்டுகூடப் பிரிக்காமல், செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அதே பெட்டியை மறுபடி ஓட்டிப் பார்த்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது. தம்பி மனைவி துப்பவில்லை. ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் தூது போனேன். அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அக்கா வீட்டிலும் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, கோபம் தீரலையா?”

“கோபம் இல்ல அண்ணி. அந்தப் பெட்டி இருக்கற வீட்டுல எனக்கு என்ன வேலை?”

“அவன் வேற மாதிரி ஒண்ணு செஞ்சா வருவியா?”

“எதைச் செஞ்சாலும் அதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு உக்காந்துடுவாரு. நான் ஒருத்தி வீட்டுல இருக்கறதே தெரியாது. எனக்கும் அவர் இருக்காரா போயிட்டாரான்னு தெரியாது.”

இப்படி நீட்டி முழக்கினால் என் தம்பி மண்டையில் ஏறாது. ஆகவே நான் அதன் சாரத்தை மட்டும் பிழிந்து அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “உன் பெண்டாட்டி வந்து பெட்டி மேல கைய வைப்பா. எந்த இடத்துல வச்சாலும் ஷாக் அடிக்கக் கூடாது. அடிக்கலைன்னா திரும்பி வருவா. அடிச்சா உனக்கு ஹோட்டல் சாப்பாடுதான்.”

“கைய வச்சா அடிக்கக் கூடாதுன்னா முப்பது வோல்ட்டுக்குள்ள ஓடணும்க்கா.”

“ஓட்டேன்டா.”

“வால்வுக்கு அதுல மூச்சே வராது.”

“அப்ப அவளும் வரமாட்டா. வால்வைக் கட்டிக்கிட்டு அழு.”

அவன் சில நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு பிஸ்கட் டின்னைக் கிளறி எடுத்தான். ஒரு காலத்தில் கார் ரேடியோவுக்கென்று, பேட்டரி வோல்ட்டிலேயே ஓடும்படி சில வால்வுகள் செய்தார்களாம். அவை இவனிடம் தூங்கிக்கொண்டிருந்தன, செத்த கரப்பான்களோடு சேர்ந்து. இருபத்து நாலு வோல்ட் சார்ஜர் ஒன்றையும் தேடிப் பிடித்தான். பழைய பெட்டியைப் பிரித்துப் போட்டான். இரண்டு ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் தனித்தனி வால்வு, ஸ்டீரியோ. அவள் தொடுகிற நாளுக்கு எல்லாம் தயாராக வேண்டும்.

அவன் வேலை செய்கிற லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். வால்வுக்குள் சத்தம் நுழைகிற முனை என்று ஒன்று உண்டு. வால்வு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, விரலை எச்சில் தொட்டு அந்த முனையில் வைப்பான். ஸ்பீக்கர் ‘ர்ர்ர்’ என்று உறுமும். உறுமியதும் விரலைத் துடைப்பானா? மாட்டான். மறுபடி வாய்க்குள் வைப்பான், அடுத்த வால்வுக்காக. காலையில் அதே விரல் எவருடைய கடைவாயின் அச்சுக்குள் இருந்தது என்பதை யோசித்தால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. வோல்ட் குறைந்ததில் அவனுக்குக் கிடைத்த முதல் சலுகை இதுதான், கூச்சமில்லாமல் நக்கலாம்.

எல்லாம் கூடி வந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் நின்றது. வால்வு பேசுகிற பேச்சு ஸ்பீக்கருக்குப் புரியாது. வால்வு உரக்கக் கத்தும், ஆனால் கையில் பலமிருக்காது. ஸ்பீக்கருக்குக் கத்தல் வேண்டாம், பிடித்துத் தள்ள ஆள் வேண்டும். நடுவில் நின்று, அங்கே கேட்டதை இங்கே வேறு விதமாக மாற்றிச் சொல்கிற இரும்புக் கட்டிதான் இந்த டிரான்ஸ்ஃபார்மர்.

“உன்ன மாதிரிக்கா” என்றான்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடுகிறவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்பாளாம். ஆம்ப்ளிஃபயர் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரருக்குச் சுண்டுவிரல் நகம் மட்டும் கரண்டி மாதிரி வளர்ந்திருந்தது. அதை வைத்துக் காதைக் குடைவார், எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார், மேஜைக்கு அடியில் தேய்ப்பார். அந்த மேஜையின் அடிப்பக்கத்தை யாராவது ஒருநாள் திருப்பிப் பார்க்கத்தான் போகிறார்கள்.

“இந்தக் காது கேட்டுச் சரின்னு சொன்னாத்தான் இந்த ஊர்ல ஆம்ப்ளிஃபயர்” என்றார். பிறகு கறுப்பாக, பளபளவென்று, அம்மிக்கல் கனத்தில் இரண்டைத் தூக்கி வைத்தார். “தூக்கிப் பாருங்க. எடைதான் சார் சத்தம்.”

“எத்தனை ஓம்?” என்றான் தம்பி. ஓம் என்பது கரண்ட்டுக்கு உள்ள தடையை அளக்கிற கணக்கு, கம்பிச் சுற்று கூடினால் அதுவும் கூடுமாம்.

“ஐயாயிரம்.”

“எனக்குப் பத்தாது. நான் இருபத்து நாலு வோல்ட்ல ஓட்டறேன். அந்த வால்வுக்குப் பலம் கம்மி. இன்னும் நிறைய சுத்து வேணும்.”

“இருபத்து நாலு வோல்ட்ல டார்ச் லைட்டுதான் செய்வாங்க” என்று அவர் காதைக் குடைந்தார்.

“அறிவிப்பு ஸ்பீக்கருக்குப் போடற லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கா?”

“அது ‘பயணிகள் கவனத்திற்கு’ன்னு சொல்றதுக்குச் செஞ்சது. இரும்புக்கு நடுவுல இடைவெளி கிடையாது. உங்க வால்வு கரண்ட் அதுல போனா இரும்பு மூச்சு முட்டிப் போயிடும்.”

“என் வால்வுல போற கரண்ட் எறும்பு மூத்திரம் அளவுதாங்க. அதுல எந்த இரும்பும் முழுகாது.”

கடைக்காரர் சிரித்து, அது தன்னிடம் இல்லை என்றார். விடைபெறும்போது நகம் வளர்த்த கையை நீட்டினார். தம்பி குலுக்கினான். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவடா என்று அவனை இழுத்துக்கொண்டு நடந்தேன். குழாய் வருவதற்குள் அவன் அந்த விரலை எச்சில் தொட்டு, ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பஸ் டிக்கெட்டுகளைப் பிரித்துவிட்டான்.

லைன் டிரான்ஸ்ஃபார்மர் கடைசியில் அவன் தலைக்கு மேலேயே இருந்தது. கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிற அறையின் கூரையில் இரண்டு ஸ்பீக்கர்கள். டாக்டரம்மா கிளினிக் திறந்த புதிதில், பயந்தவர்களுக்கு அதில் புல்லாங்குழல் ஓடுமாம். அது நின்று எத்தனையோ வருஷம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஒரே கம்பெனி, ஒரே நாளில் வந்த ஜோடி.

அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். என் பல்செட் ஒரு பக்கம் குத்துகிறது என்று ராவக் கொடுத்துவிட்டுப் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தேன்.

“எடுத்துக்கங்க” என்றார் டாக்டரம்மா. “பேஷண்ட் இருக்கும்போது மட்டும் வேண்டாம்.”

“பேஷண்ட் யாரும் இல்ல மேடம். எங்கக்கா மட்டும்தான்” என்றபடி ஏணியில் ஏறினான்.

கூரை வலையைக் கழற்றியதும் முதலில் தூசி விழுந்தது. அடுத்துப் பல்லிப் புழுக்கை. அதற்கடுத்து ஒரு முழு எலிக்கூடு. எலி அதைப் பஞ்சில் கட்டியிருந்தது. புதுப் பஞ்சில்லை. பல் பிடுங்கிய இடத்தில் கடிக்கக் கொடுத்து, கடித்த பிறகு தொட்டியில் போட்ட பஞ்சு, பழுப்பேறி, முறுகிப்போனது. என்ன செய்கிறான் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தது. இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

“அக்கா, ரெண்டும் முழுசா இருக்கு” என்று மேலிருந்து சந்தோஷமாகச் சொன்னான். எலியைச் சொல்கிறானோ என்று பயந்துபோனேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்றிலிருந்தும், வாட் எழுதிய கம்பிகள் வரிசையாகத் தொங்கின. எந்தக் கம்பியில் வால்வைச் சேர்ப்பது என்பதுதான் தேர்வு. பெரிய வாட் எழுதிய கம்பியில் சேர்த்தான். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. அடுத்ததில் டப்பா கொஞ்சம் பெரிதாயிற்று. கடைசியில், இருப்பதிலேயே சின்ன வாட் எழுதிய கம்பி. அதில்தான் சுற்று அதிகமாம். சேர்த்தான். பாடகி டப்பாவை விட்டு வெளியே வந்து எதிரில் நின்று பாடினாள். எனக்கே சொல்ல வாய் வரவில்லை, பிடித்திருந்தது.

“சத்தம்தான் கொஞ்சம் கம்மிக்கா” என்றான்.

“உன் பெண்டாட்டி சத்தத்தையா அளக்கப் போறா? கையத்தான வைக்கப் போறா” என்றேன்.

பெட்டிக்கு வேறு யாராக இருந்தாலும் ஒரு மரப்பலகை, நாலு குமிழ் என்று முடித்திருப்பார்கள். இவன் தன் தொழிலில் இறங்கினான். குமிழ்களைப் பல்செட் பிளாஸ்டிக்கில் வார்த்தான், அச்சு அசல் ஈறு நிறத்தில். எவ்வளவு திருப்பியிருக்கிறோம் என்று தெரிய முள் வேண்டுமே, அதற்கு ஒவ்வொரு குமிழிலும் ஒரு முன்பல்லைப் பதித்தான். சத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் யாரோ ஒருவருடைய ஈற்றைப் பிடித்துத் திருக வேண்டும். நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு நிறுத்தினானா? டிரான்ஸ்ஃபார்மர் இரும்புத் தகடுகள் பாட்டோடு சேர்ந்து மெல்ல ரீங்கரித்தன. அதை அடக்க, விஷயம் தெரிந்தவர்கள் வார்னிஷில் முக்கிக் காய வைப்பார்கள். பல்லுக்காரர் கைக்கு எது எட்டும்? ரோஸ் மெழுகு. இரண்டு டிரான்ஸ்ஃபார்மரையும் இரண்டு தகர டப்பாவில் வைத்து, பல்செட் மெழுகை உருக்கி விளிம்புவரை ஊற்றி, மூடி போட்டான். ரீங்காரம் அடங்கியது. அந்த மெழுகே வெந்நீர்ச் சூட்டில் இளகுவதற்காகச் செய்தது என்பது உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவன்தான். தெரிந்தும், கம்பி குட்டையாக இருக்கட்டும் என்று டப்பாக்களை எரிகிற வால்வுகளை ஒட்டி உட்கார வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் அவளை அழைத்து வந்தேன். வாசலிலேயே பையை வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். பொத்தாமல் என்ன செய்வாள்? அவள் இல்லாத வீடு அது. தொட்டியில் பாத்திரங்கள் பாசி பிடித்துக் கிடந்தன. ஒரு தட்டில் எதுவோ முடி முளைத்துப் பச்சையாக உட்கார்ந்திருந்தது. நாற்காலிக் கையில் காலுறை, அதன் மேல் பாதி பிஸ்கட்.

“உக்காரு” என்றான் தம்பி. உட்கார இடமில்லை. நின்றாள்.

சுவிட்சைப் போட்டான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பாட்டு தொடங்கியது. பாடகி இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் வந்து நின்றாள். தம்பி மனைவி அவளைப் பார்க்கக்கூட இல்லை, நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். போய் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பாத்திரக் குவியலைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அங்கிருந்து, குரலை உயர்த்தாமல், “தீப்பெட்டி எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ஜன்னல்ல” என்றான் இவன்.

அடுப்புப் பற்ற வைத்த சத்தம் எதுவும் வரவில்லை. மறுபடி பாட்டு அறைக்கு வந்தாள்.

“கைய வை” என்றான் தம்பி. “எங்க வேணா வை.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, வால்வுக்கும் டப்பாவுக்கும் நடுவில், கம்பி தெரிகிற இடமாகப் பார்த்து உள்ளங்கையை வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஷாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பாட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் அது வந்தது. டப்பாவின் அடித் தையலில் ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டது. அது நீண்டு எச்சில் மாதிரி இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. ஈறு உருகி வழிவது போல அவள் விரல் இடுக்குகளில் புகுந்து, மணிக்கட்டில் இறங்கி, மேஜை விரிப்பில் சொட்டியது. பல் கிளினிக் நாற்றம் குப்பென்று கிளம்பியது. அவள் கையை எடுக்கவில்லை.

தம்பி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் கையை இழுத்துத் தன் சட்டையால் தேய்த்தான், அது எந்தக் காலத்தில் துவைத்த சட்டையோ. “சுட்டுதா? சுட்டுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சுடாமல் என்ன, கை வெந்துபோய்விட்டது. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

“வீட்டுல ஒரு சுத்தமான துணி கூடவா இல்ல?” என்று கேட்டுவிட்டு, வாசலில் வைத்த பையை எடுத்து உள்ளே கொண்டுவந்தாள். அவ்வளவுதான். என் தூது பலித்தது. டிரான்ஸ்ஃபார்மர்களை மெழுகு சுரண்டி வார்னிஷில் முக்கியது பிறகு. ஈறு குமிழ்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இதுவரை எழுதியதைத் தம்பி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். உள்ளறையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி துணி மடித்தபடியே கேட்டாள். முடித்ததும், “நாயை எடுத்துடுங்க அண்ணி” என்றாள். “வாசல்ல நின்னா நமக்கே கேக்காது, நாய்க்கு எங்க கேக்கும்? அப்புறம் கை சுடல. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு.” தழும்பில்லாத உள்ளங்கையை என் கண்ணுக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

“கதைன்னா கொஞ்சம்…”

“இருங்க, முடிக்கல. ஷாக் அடிக்கலைன்னா வரேன்னு நான் எப்ப சொன்னேன்? வோல்ட்டுங்கற பேச்சையே நான் எடுக்கல. அது நீங்க கொண்டுபோய்ச் சேத்தது. கைய வைன்னாரு, பாவம்னு வச்சேன்.” மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். “அன்னைக்கு ஷாக் அடிச்சுக் கீழ விழுந்தப்ப கத்தினேன், கத்தினேன்னு ஆஸ்பத்திரில சொன்னாரு. நான் அடுப்படியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். எனக்குக் கேக்கல அண்ணி. பாட்டுதான் கேட்டுச்சு.”

உள்ளே பாட்டுக்கு நடுவில் தம்பி தும்மினான். கையாலேயே துடைத்துக்கொண்டிருப்பான்.

“கேட்டுச்சா?” என்றாள். “அடுப்படியில நின்னு தீப்பெட்டி கேட்டப்பவும் அவர் குரல் கேட்டுச்சு. அதுக்குத்தான் வந்தேன். அதை எழுதுங்க.”